பார்க்கின்சன் நோயைக் கண்டறியும் கண்ணும் மருந்தின் மணியும்: வடக்கின் சுகாதாரத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

வடக்கு மாகாண சுகாதார அமைச்சின் செயலாளர், மாகாண மற்றும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்கள், மாகாணத்தின் போதனா, மாவட்ட, ஆதார, பிரதேச வைத்தியசாலைகளின் பொறுப்பாளர்கள் ஆகியோருக்கு,

மதிப்புக்குரியவர்களே,

நான் அரச மருந்தகங்களில் நீண்டகாலம் மருந்தாளராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். பார்க்கின்சன் நோயுடன் வாழும் எனது அண்ணரைப் பராமரிப்பவர்களுள் ஒருவனாகவும் இருக்கிறேன். மருந்து கொடுக்கும் யன்னலின் உட்புறத்தில் நின்ற காலத்தில் எனக்குப் புலப்படாத பல விடயங்கள், அதே யன்னலின் வெளிப்புறத்தில் வரிசையில் நிற்கத் தொடங்கிய பின்னர் தெளிவாகியிருக்கின்றன. அவற்றை உங்கள் முன் வைப்பதே இம்மடலின் நோக்கம். நான் சொல்ல வருவது சுருக்கமானது. பார்க்கின்சன் நோயைக் கண்டறிவதற்கு முதலில் வேண்டியது பயின்ற ஒரு கண். அந்நோயாளரை நடமாட வைத்திருப்பதற்கு முதலில் வேண்டியது மணி தவறாத குளிசை. இவ்விரண்டையும் கோடிக்கணக்கான ரூபா பெறுமதியான இயந்திரமோ புதிய கட்டடமோ இல்லாமல், இப்போது கையிலுள்ள ஆளணியைக் கொண்டே பெருமளவு நிறைவேற்ற முடியும் என்று நம்புவதால்தான் எழுதுகிறேன்.

1817 ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த வைத்தியரான ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை முதன்முதலாக முறைப்படி விவரித்தபோது அவர் எடுத்துக்காட்டியவர்கள் ஆறு பேர் மட்டுமே. அவர்களுள் சிலருக்கு அவர் வைத்தியம் பார்த்ததுகூட இல்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்களின் நடையையும் கூனலையும் நடுக்கத்தையும் அவதானித்தே எழுதினார். இரண்டு நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் அடிப்படை முறை பெரிதாக மாறிவிடவில்லை. நோயாளர் எழுந்து நடப்பதையும், திரும்புவதையும், பெருவிரலையும் சுட்டுவிரலையும் விரைவாகத் தட்டிக்காட்டுவதையும் பொறுமையாகப் பார்க்கும் வைத்தியரின் முடிவே இன்றும் நோய் நிர்ணயமாக அமைகிறது. அசைவு மந்தமாதல் கட்டாயம் இருக்க வேண்டும். அதனுடன் ஓய்வு நிலை நடுக்கமோ தசை விறைப்போ சேர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது உடலின் ஒரு பக்கத்தில் தொடங்கியிருக்கும். இவற்றைப் பார்ப்பதற்குப் பத்து நிமிடமும் பத்து அடி நடக்க இடமும் போதும். நெருக்கடியான ஒரு வெளிநோயாளர் பிரிவில் அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு அரிய பொருள் என்பதை நான் அறியாதவன் அல்லன்.

நோயின் உட்காரணத்தையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பின்னால் மருந்தின் நேரத்தைப் பற்றி நான் எழுதப்போவது அதிலேயே தங்கியிருக்கிறது. நடு மூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதியிலுள்ள நரம்புக் கலங்கள் டோபமைன் எனும் இரசாயனத்தைச் சுரக்கின்றன. நினைத்த அசைவு நினைத்த வேகத்தில் நிகழ்வதற்கு அது இன்றியமையாதது. பார்க்கின்சன் நோயில் அக்கலங்கள் படிப்படியாக அழிகின்றன. அழியும் கலங்களுக்குள் அல்பா சினுக்ளின் எனும் புரதம் திரண்டு கிடக்கக் காணப்படுகிறது. நோயாளரின் கை முதன்முறையாக நடுங்கத் தொடங்கும்போது அப்பகுதிக் கலங்களில் ஏறத்தாழப் பாதி ஏற்கெனவே போயிருக்கும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. ஆகவே கண்ணுக்குத் தெரியும் தொடக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே நோய் உடலுக்குள் வந்துவிடுகிறது. மலச்சிக்கல், மணம் தெரியாமற் போதல், மனச்சோர்வு, உறக்கத்தில் கனவோடு சேர்த்துக் கையையும் காலையும் வீசுதல் ஆகியவை அக்காலத்தின் அடையாளங்கள்.

இந்த அடையாளங்கள் எமது மண்ணில் எப்படிக் கரைந்துபோகின்றன என்பதைக் கவனித்தால் கண்டறிதல் ஏன் தாமதிக்கிறது என்பது விளங்கும். இரவில் கத்தி, உதைத்து, பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிடும் ஒருவரைப் பார்த்து, யுத்தத்தைக் கண்ட மனம் இன்னும் ஆறவில்லை என்று எண்ணுவது வடக்கில் இயல்பு. பலருக்கு அது உண்மையும்கூட. ஆனால் அறுபதைக் கடந்த ஒருவருக்கு இது புதிதாகத் தொடங்கி, மலச்சிக்கலும் மணம் தெரியாமையும் கூடவே இருக்குமாயின், அதே நபரின் நடையையும் ஒருமுறை பார்த்துவிடுவது மனநலப் பிரிவினருக்கும் எளிதான காரியமே. கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது வீட்டுக்குள் இருந்தவருக்கு மணம் தெரியவில்லை என்றால் வீட்டார் தடிமன் என்பார்கள். சேட்டுப் பொத்தானைப் பூட்ட நேரமெடுத்தால், கால் செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தால், முகத்தில் சிரிப்பு வற்றிப்போனால், பேச்சு அடங்கிக் காதுக்கு எட்டாமற் போனால், “வயசு போனா உப்பிடித்தான்” என்ற ஒரே வசனத்தால் எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம்.

இன்னோர் அடையாளத்தைச் சுகாதாரத் துறைக்கு வெளியே உள்ளவர்களே முதலில் காண்கிறார்கள். இந்நோயில் எழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டு போகும். ஓய்வூதியம் எடுக்க வங்கிக்குச் செல்பவரின் கையொப்பம் பழைய மாதிரியுடன் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறார்; வீட்டுக்கு வந்து மகனோடு சண்டை பிடிக்கிறார்; யாருக்கும் அது ஒரு நோய்க்குறி என்று தோன்றுவதில்லை. பிரதேச செயலகங்களிலும் வங்கிகளிலும் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லி வைப்பது பொதுச் சுகாதார உத்தியோகத்தர்களின் வழமையான விழிப்புணர்வுப் பணிக்குள் அடங்கக்கூடியதே.

நடுக்கம் பற்றிய குழப்பம் தனியே பேசப்பட வேண்டியது. நடுக்கம் என்றால் பார்க்கின்சன், பார்க்கின்சன் என்றால் நடுக்கம் என்ற எண்ணம் மக்களிடம் மட்டும் இருப்பதில்லை. தேநீர்க் கோப்பையை உயர்த்தும்போது இரு கைகளும் நடுங்கி, தகப்பனுக்கும் அதே நடுக்கம் இருந்ததென்று சொல்பவருக்குப் பெரும்பாலும் இருப்பது வேறொரு நடுக்கம். அது பார்க்கின்சனை விடப் பரவலானது, அதற்குரிய மருந்தும் வேறு. பார்க்கின்சன் நடுக்கமோ கை மடியில் சும்மா கிடக்கும்போது தலைகாட்டி, பொருளை எடுக்கக் கை நீளும்போது தணியும் இயல்புடையது. அதேவேளை, நோயாளருள் கணிசமானோருக்குத் தொடக்கத்தில் நடுக்கமே இருப்பதில்லை. விறைப்பும் மந்தமும் மட்டும் உள்ள இவர்களே அதிகம் அலைகிறார்கள். எனது அண்ணருக்கு முதலில் வந்தது வலத் தோள்மூட்டு வலி. தோட்டக்காரனுக்குத் தோள் வலிப்பதில் என்ன புதுமை என்று எண்ணெய் தேய்த்தோம். பின்னர் மூட்டுக்கு மருந்து எடுத்தோம். நடக்கும்போது அதே வலக்கை வீசாமல் உடலோடு ஒட்டிக்கொண்டிருந்ததைப் படலையடியில் நின்று முதலில் கண்டு சொன்னவர் அயலிலுள்ள ஓர் இளம் தாதிய மாணவி. பயின்ற கண் என்று நான் சொல்வது இதனைத்தான். அதற்கு வைத்திய நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

மருந்தாளன் என்ற முறையில் என்னை மிக உறுத்தும் விடயத்துக்கு வருகிறேன். பார்க்கின்சன் நோயைப் போலவே தோற்றமளிக்கும் நிலையைச் சில மருந்துகள் உண்டாக்குகின்றன. ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன் போன்ற உளநோய் மருந்துகள் இவ்வாறு செய்யும் என்பது வைத்தியர்களுக்கு நன்கு தெரிந்ததே. ஆனால் தலைச்சுற்றுக்குக் கொடுக்கும் சின்னாரிசினும் புரோகுளோர்பெராசினும், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் புளுனாரிசினும், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும், வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வல்புரோவேற்றும் அதே பட்டியலில் உள்ளவை என்பது வேலைப்பளுவில் எளிதாக மறக்கப்படுகிறது. முதல் மூன்றும் எமது முதியவர்களின் கைப்பைகளில் மாதக்கணக்காக, சிலவேளை ஆண்டுக்கணக்காகக் கிடக்கின்றன. ஒருமுறை எழுதப்பட்ட மருந்துத் துண்டைக் காட்டித் தனியார் மருந்தகத்தில் திரும்பத் திரும்ப வாங்குவது இங்கே வழமையாகிவிட்டது.

இதிலுள்ள சுழல் கொடியது. பார்க்கின்சன் நோயே, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தை வீழ்த்தித் தலைச்சுற்றை உண்டாக்கக்கூடியது. நோயாளர் தலைச்சுற்று என்கிறார், கதிரையில் இருத்திப் பிரஷர் பார்க்கிறார்கள், அளவு சரியாக இருக்கிறது, சின்னாரிசின் எழுதப்படுகிறது. அது டோபமைனின் வேலையை மேலும் மறிக்கிறது. விறைப்பும் தள்ளாட்டமும் கூடுகின்றன. தள்ளாட்டத்தையும் தலைச்சுற்றென்றே அவர் சொல்வதால் மருந்தின் அளவு கூட்டப்படுகிறது. படுத்த நிலையிலும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷரை அளந்து பார்க்கும் வழக்கம் ஒன்றே இச்சுழலைப் பல இடங்களில் அறுத்துவிடும். நடை மந்தமான எந்த முதியவருக்கும், பார்க்கின்சன் என்ற முடிவுக்கு வருமுன்னர், கடந்த ஓராண்டில் உட்கொண்ட குளிசைகள் அனைத்தையும் பையோடு கொண்டுவரச் சொல்லிப் பார்க்க வேண்டும். இப்பணியை வைத்தியர்தாம் செய்ய வேண்டுமென்பதில்லை. கிளினிக்கில் ஒரு மருந்தாளரை அமர்த்தினால் அவர் செய்வார். காரணமான மருந்தை வைத்தியரின் ஆலோசனையுடன் நிறுத்தினால் பலர் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறுவர். தேறாத சிலரிடம், மறைந்திருந்த உண்மையான நோயை அம்மருந்து வெளிக்கொண்டு வந்திருக்கக்கூடும். அவர்களைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

ஸ்கான் எடுத்தால் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் எமது மக்களிடம் வேரூன்றியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புவார்கள்; தனியார் நிலையத்தில் எம்ஆர்ஐ எடுக்கப்படும்; “மூளையில் ஒன்றுமில்லை” என்ற அறிக்கையுடன் குடும்பம் நிம்மதியாக வீடு திரும்பும். பக்கவாதம், கட்டி, மூளையில் நீர் கட்டுதல் போன்ற வேறு காரணங்களை விலக்குவதற்கே அந்தப் படம் உதவுகிறது. பார்க்கின்சன் நோயாளர் பெரும்பாலானோரின் படத்தில் குறையெதுவும் தெரியாது. இந்நோயை முடிவாகச் சொல்லும் இரத்தப் பரிசோதனை எதுவும் அன்றாட வைத்தியத்தில் இல்லை. டோபமைன் நரம்புகளைப் படம்பிடிக்கும் சிறப்பு ஸ்கான்கூட, இந்நோயையும் இதற்கு உறவான வேறு சில அழிவு நோய்களையும் பிரித்துச் சொல்லாது. தேர்ந்தவர்களின் கணிப்பை இறப்புக்குப் பிந்திய மூளைப் பரிசோதனையுடன் ஒப்பிட்ட ஆய்வுகளில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முடிவு பிழைத்திருக்கிறது. எனவே ஒருமுறை எழுதப்பட்ட நோய்ப்பெயரை இறுதியானதாக எண்ணாமல், குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பவும் சோதிப்பது வைத்தியத்தின் பகுதியாக இருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே அடிக்கடி விழுதல், இந்நோயின் முதன்மை மருந்தான லெவோடோபாவுக்கு உடல் இசையாமை, கண்களை மேலும் கீழும் அசைக்க முடியாமை என்பன வேறு நோயை எண்ணச் செய்ய வேண்டிய குறிகள். நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவராயின் செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோயை விலக்காமல் விடக்கூடாது. அதற்கு மருந்து உண்டு.

யாழ்ப்பாணத்துக்கு மிகப் பொருத்தமான ஒரு கேள்வியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நான்கு அடி எடுத்து வைக்க முடியாமல் உறைந்து நின்ற ஒரு பார்க்கின்சன் நோயாளர் சைக்கிளில் ஏறியதும் இயல்பாக ஓட்டிச் சென்றதை நெதர்லாந்து வைத்தியர்கள் 2010 இல் பதிவு செய்தார்கள். அதன் தொடர்ச்சியாக நடந்த ஆய்வில், நோய் தொடங்கிய சிறிது காலத்திலேயே சைக்கிள் ஓட்டும் ஆற்றலை இழந்தவர்களுக்கு இருந்தது பெரும்பாலும் பார்க்கின்சனை ஒத்த வேறு நோய் என்று தெரியவந்தது. முதியவர்களும் சைக்கிளில் கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வரும் எமது ஊர்களில், “இப்பவும் சைக்கிள் ஓடுறனீங்களோ?” என்று கேட்பது செலவில்லாத பரிசோதனை. வீதியில் ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்.

இனி வைத்தியம். 1960 இல் வியன்னாவில், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பது கண்டறியப்பட்டது. 1967 இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் கொட்சியாஸ் என்ற வைத்தியர், மூளையில் டோபமைனாக மாறும் டோபாவை (லெவோடோபா அதன் ஒரு வடிவம்) உயர்ந்த அளவில் வாய்வழியாகக் கொடுத்து நோயாளரை நடமாட வைத்தார். அதன்பின் எத்தனையோ மருந்துகள் வந்தும், லெவோடோபா மூளையைச் சென்றடைய உதவும் கார்பிடோபாவுடன் சேர்ந்த லெவோடோபாவுக்கு நிகரானது இன்னும் வரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. நோயை அது நிறுத்துவதில்லை. நோயோடு வாழ வைக்கிறது. “நல்ல மருந்தை இப்பவே குடிச்சு முடிச்சால் பிறகு வேலை செய்யாது” என்று தொடங்கப் பயந்து, எழும்ப முடியாத நிலையில் வருபவர்கள் பலர். நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வொன்றில், உடனே தொடங்கியவர்களையும் 40 வாரங்கள் தாமதித்துத் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டபோது, 80 வாரங்களின் முடிவில் இரு சாராரிடையேயும் நோயின் அளவில் வேறுபாடு காணப்படவில்லை. தாமதிப்பதால் எதுவும் சேமிக்கப்படுவதில்லை என்பதை கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதியவர்களுக்கு நடுக்கத்துக்காகப் பழைய வழக்கத்தில் எழுதப்படும் பென்ஸ்ஹெக்ஸோல் மறதியையும் குழப்பத்தையும் சிறுநீர்த் தடையையும் கூட்டுகிறது. அதையும் மீளாய்வு செய்வது நன்று.

லெவோடோபா இரத்தத்தில் தங்கும் நேரம் மிகக் குறுகியது. ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். நோயின் தொடக்க ஆண்டுகளில் எஞ்சியிருக்கும் கலங்கள் அதனை டோபமைனாக மாற்றிச் சேமித்து, வேண்டியபோது வெளியிடுகின்றன. கிணற்றில் இறைத்த நீரைத் தொட்டியில் நிரப்பி வைத்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுவது போன்றது அது. இறைப்பு சிறிது பிந்தினாலும் பயிர் வாடாது. ஆண்டுகள் செல்லத் தொட்டி உடைந்துவிடுகிறது. பிறகு இறைக்கும் நேரத்தில் மட்டுமே நீர். அப்போது ஒரு குளிசை அரை மணித்தியாலம் பிந்தினாலும், நடந்துகொண்டிருந்தவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்; அளவு மிஞ்சினால் உடல் தன்னையறியாமல் நெளியும். இந்த நிலையில் உள்ளவருக்குக் காலை ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஆறு என்று மருந்து தேவைப்படலாம். எமது மருந்துப் பைகளிலோ காலை, மதியம், இரவு என்ற மூன்று கட்டங்கள்தாம் இருக்கின்றன. சுகருக்கும் பிரஷருக்கும் பொருந்தும் அந்தக் கட்டங்கள் இந்நோய்க்குப் பொருந்தா.

சாப்பாட்டின் புரதமும் குடலில் லெவோடோபாவுடன் போட்டியிடுகிறது. மீன் குழம்போ பருப்போ சேர்ந்த சோற்றோடு விழுங்கினால் சிலருக்குக் குளிசை வேலை செய்யாதது போலாகிவிடும். உணவுக்கு அரை மணித்தியாலம் முன்னரோ ஒரு மணித்தியாலத்துக்குப் பின்னரோ எடுப்பது நல்லது. இரும்புச் சத்துக் குளிசையையும் கூடவே விழுங்கக்கூடாது. ஆனால் “சாப்பாட்டுக்குப் பின்” என்று பழக்கதோஷத்தில் பையில் எழுதிவிடுகிறோம். விரத நாட்களில் சோற்றோடு சேர்த்துக் குளிசையையும் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் கந்தசஷ்டியிலும் கிளினிக்கில் ஒரு வசனம் சொல்லி அனுப்பினால் அது தவிர்க்கப்படும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் நீண்டநேரம் வேலை செய்யும் குளிசையை இங்குள்ள சாதாரண குளிசைக்குப் பதிலாக உடைத்தும் தூளாக்கியும் கொடுப்பது இன்னொரு வில்லங்கம். 25/100, 25/250 (கார்பிடோபா/லெவோடோபா, மில்லிகிராமில்) என்ற இரு வலிமைகளும் ஒரே பெயரில் வருவதால், மாதத்துக்கு மாதம் கையிருப்பைப் பொறுத்து மாறும்போது எத்தனை குளிசை என்பதை நோயாளருக்கு விளங்கும்படி எழுதித் தர வேண்டியது எம்மைப் போன்றோரின் கடமை.

விடுதியில் அனுமதிக்கப்படும்போது நிலைமை மேலும் சிக்கலாகிறது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோ, நெஞ்சுச்சளியுடனோ வரும் பார்க்கின்சன் நோயாளரின் குளிசைகள் விடுதியின் பொது மருந்து நேரத்துக்குள் அடக்கப்படுகின்றன. சத்திரசிகிச்சைக்கு முன்னர் வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லும்போது அவையும் நிறுத்தப்படுகின்றன. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் மயக்கமும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். விழுங்க முடியாதவருக்கு மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்க வழியுண்டு. வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடுக்குப் பதிலாக டொம்பெரிடோனும், குழம்பிய மனநிலைக்கு ஹலோபெரிடோலுக்குப் பதிலாகக் குறைந்த அளவில் குவெற்றியாபினும் தெரிவாகலாம். ஒரு வைத்தியசாலையில் அண்ணர் தங்கியிருந்தபோது, தலையணைக்கடியில் வைத்திருந்த குளிசைகளை விதிப்படி வாங்கி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை அவரால் கட்டிலில் புரளவும் முடியவில்லை. அந்தத் தாதியரில் எனக்குக் குறையில்லை. அவர்கள் கையிலிருந்த விதியில்தான் குறை. தெளிவான புத்தியுள்ள நோயாளர், அல்லது அவருடன் நிற்பவர், தம் மருந்தைத் தாமே உரிய மணியில் எடுத்துக் குறித்து வைப்பதற்கு எழுத்து மூலமான அனுமதி தேவை. கட்டில் தலைப்பில் மருந்து மணிகளும் தவிர்க்க வேண்டிய மருந்துகளும் எழுதிய ஓர் அட்டை தொங்க வேண்டும்.

மருந்து கிடைப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டதை நீங்கள் எம்மை விட நெருக்கமாகப் பார்த்தீர்கள். திடீரென நிறுத்தினால் ஆபத்தான மருந்துகளுக்கு ஒரு மாத மேலதிக இருப்பு ஒதுக்கும் பட்டியலில் லெவோடோபா இடம்பெற வேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.

தூரம் பற்றிச் சொல்லியாக வேண்டும். நெடுந்தீவில் இருக்கும் ஒருவர் நரம்பியல் கிளினிக்குக்கு வருவதாயின், விடியற்காலையில் படகேறிக் குறிகாட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து நகருக்கு வர வேண்டும். காற்றுக் காலத்தில் படகுக்கும் துறைமுகத்துக்கும் இடையிலான அந்த ஓர் அடியைத் தாண்டுவது கால் உறைந்துபோகும் ஒருவருக்கு என்னவாக இருக்கும் என்பதை நான் விவரிக்கவேண்டியதில்லை. வரிசையில் நிற்கும்போது குளிசையின் பலன் முடிந்துவிடும். வைத்தியர் காண்பது நோயாளரின் மிக மோசமான வேளையை. நோய் நிர்ணயமும் பெரிய மாற்றங்களும் நிபுணரிடமே நடக்கட்டும். தொடர் கண்காணிப்பும் மாத மருந்தும் பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளிலும் தீவக வைத்தியசாலைகளிலும் நடக்கலாம். இடையில் நிபுணருடன் காணொளி மூலம் பேசலாம். விரல் தட்டுவதையும் நடையையும் தொலைபேசித் திரையில் பார்க்க முடியும். கையின் விறைப்பையும் தள்ளிப் பார்க்கும் சமநிலைச் சோதனையையும் அங்கே நிற்கும் வைத்தியர்தான் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே அவர்களுக்கான பயிற்சியின்றிக் காணொளி மட்டும் பயன்தராது.

சித்த வைத்தியத் துறையினரையும் இந்த ஏற்பாட்டில் சேர்க்குமாறு கேட்கிறேன். எமது நோயாளருள் பலர் இரு பக்கமும் மருந்து எடுக்கிறார்கள். ஒரு பக்கத்தாரிடம் மற்றதைச் சொல்வதில்லை. பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருப்பது 1930களிலேயே அறியப்பட்ட விடயம். அதனைச் சூரணமாக எடுப்பவர் வைத்தியசாலைக் குளிசையையும் விழுங்கும்போது அளவு மிஞ்சி உடல் நெளிவும் மனக்குழப்பமும் வரலாம். சூரணத்தில் எவ்வளவு இருக்கிறதென்பது ஒவ்வொரு முறையும் ஒன்றாக இராது. கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கும் எமது மாவட்டத்துக்கு, ஒரே கிளினிக் கொப்பியில் இரு சாராரும் மருந்தெழுதும் வழக்கத்தைத் தொடங்குவது பிற மாவட்டங்களைவிட எளிது.

குளிசைக்கு அப்பாலுள்ளவற்றைச் சுருக்கமாகவே குறிப்பிடுகிறேன். இயன்மருத்துவப் பயிற்சி நோயின் முதல் நாளிலிருந்தே தேவை. விழுந்த பிறகு அனுப்புவது பிந்திய காரியம். தரையில் கோடு கிழித்து அதைத் தாண்டச் சொன்னால் உறைந்த கால் எழும் என்பதை வீட்டாருக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். விழுங்குவதில் வரும் சிரமமே பின்னர் நெஞ்சுத் தொற்றாகி உயிரைப் பறிக்கிறது. பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் அனுப்புவது இதற்காகவும்தான். இந்நோய்க்கே கொடுக்கப்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலரிடம் அடக்க முடியாத சூதாட்டத்தையும் செலவையும் பாலுணர்வையும் தூண்டும். லொத்தர்ச் சீட்டு வாங்கிக் குவிக்கும் தகப்பனைப் பிள்ளைகள் ஏசுமுன், அது மருந்தின் வேலையாக இருக்கலாம் என்று எழுதும் வைத்தியரே மனைவியிடமும் சொல்லிவிட வேண்டும். அந்த மனைவிக்கும் பெரும்பாலும் எழுபது வயது, பிள்ளைகள் கனடாவில். இரவில் கணவனைப் புரட்டிப் படுக்க வைப்பதற்கு அவருக்கு உதவியாள் இல்லை. பொதுச் சுகாதாரத் தாதியரின் வீட்டுத் தரிசிப்புப் பட்டியலில் இக்குடும்பங்கள் சேர்க்கப்பட வேண்டும்.

தோட்ட நஞ்சுகள் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பரகுவாற் போன்ற சில களைநாசினிகளுடன் புழங்கியவர்களிடையே இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதை வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு தனி மனிதருக்கு நோய் வந்த காரணத்தை அவை சொல்லமாட்டா. பரகுவாற் இலங்கையில் 2008 முதல் 2011 வரை படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது, வேறொரு காரணத்துக்காக. வலிகாமத்தில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்து, கையுறையின்றி மருந்தடித்த தலைமுறை இப்போது அறுபதையும் எழுபதையும் கடந்துகொண்டிருக்கிறது. நோயாளர் பதிவேடு ஒன்று தொடங்கப்படுமாயின் அதில் தொழிலுக்கும் ஒரு நிரல் இருக்கட்டும்.

2019 இல் உலகில் 85 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்ததாகவும், 25 ஆண்டுகளில் அத்தொகை இரட்டித்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இளையோர் புலம்பெயர்ந்து முதியோர் எஞ்சும் எமது மாகாணத்தில் அந்த வளர்ச்சி மெதுவாக இருக்கப்போவதில்லை. ஆகவே கட்டடத்துக்கும் நிதிக்கும் காத்திராமல் இவ்வாண்டே தொடங்கக்கூடியவற்றை முதலில் எடுக்குமாறு கேட்கிறேன்: மருந்துப் பையில் மணி எழுதுதல், விடுதியில் நோயாளர் தம் குளிசையை வைத்திருக்க அனுமதித்தல், தலைச்சுற்றுக் குளிசைகளைக் கொடுக்குமுன் நின்ற நிலையிலும் பிரஷர் பார்த்தல், வெளிநோயாளர் பிரிவு வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் நோயாளர் நடந்து காட்டும் அரைநாள் பயிற்சி. அந்தப் பயிற்சிக்கு நடந்து காட்ட எனது அண்ணர் சம்மதித்திருக்கிறார். குளிசை எடுக்குமுன் ஒருமுறையும் எடுத்து ஒரு மணித்தியாலத்தின் பின் ஒருமுறையும் நடந்து காட்டுவதாகச் சொல்கிறார். வாகனம் மட்டும் அனுப்ப வேண்டும், படி ஏறவைக்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. மணி எழுதுவதற்கான மருந்துப் பைத் துண்டின் மாதிரியொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் தயாரித்து இம்மடலின் தபால் பிரதியுடன் இணைத்துள்ளேன். எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமாயின் மாற்றித் தரத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
வலிகாமம் கிழக்கு, யாழ்ப்பாணம்.